கம்புக்குள் வைத்து அனுப்பிய ஆறு முட்டை

நாகலாபுரம்,
ஆவணி 12.

அன்புள்ள தங்கை விஜிக்கு, அக்கா அமுதவள்ளி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் சுகத்தையும் கைக்குழந்தை பிரித்திகாவின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எப்போதும் கை பாட்டுக்கு எழுதிவிடுவேன். இந்த முறை அந்த வரிக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய முடிவை நாலு தடவை படித்தேன். புனேயில் உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில், குப்பைமேட்டுக் கோழிகளின் முட்டையோடு ஒத்துப் பார்க்க ஒரு மாசும் இல்லாத முட்டை வேண்டும் என்று நீ கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? டின்னில் கம்புத் தானியத்தைக் கொட்டி, ஆறு முட்டையைப் புதைத்து, கோவில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கூரியரில் போட்டேன். கடைசியில் குப்பைமேட்டு முட்டையைவிட நம் வீட்டு முட்டையில்தான் நஞ்சு கூடுதல் என்கிறாய்.

முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட செம்பு வயரை எரித்தால் வருகிற வகை நஞ்சு இது, அங்கே யாராவது எரிக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். விஜி, நீ அதைக் கண்ணால் கண்டதே இல்லை. மோட்டாருக்குக் காயில் சுற்றும் தன் கடையில் சேர்ந்த பழைய வயரைச் செம்புக்காக உன் அத்தான் கொளுத்துவார். நீ பிரசவத்துக்கு வந்த நாளிலிருந்து, பிள்ளைத்தாய்ச்சிக்குப் புகை ஆகாது என்று உன்னிடம் சொல்லாமல் ஓடைக்கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார். நீ அத்தனை தூரத்தில் உட்கார்ந்து, ஒரு மஞ்சள் கருவைப் பார்த்து, எங்கள் ஓடைக்கரையில் எரிந்தது இன்னதென்று சொல்லிவிட்டாய்.

எவ்வளவு நஞ்சு என்று கேட்டதற்கு, குளத்தூர் உப்பளத்து அம்பாரத்தில் ஒரே ஒரு உப்புக்கல் அளவு என்றாய். அந்த ஒரு கல்லைத் தேடி எடுக்கிற மிஷினை மனிதர்கள் செய்திருக்கிறார்கள், அதன் முன்னால் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். கோயிலில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படி இருந்தது எனக்கு.

பக்கத்து வீட்டுப் பாலம்மாள் மதினியிடம் சொன்னேன். “முட்டைக்குள்ள வயரு எப்படிட்டி போவும்” என்று சிரித்தாள். எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். கேஸ் அடுப்பு வந்த பிறகு நம் வீட்டில் சாம்பல் ஏது? நீ வந்த சமயம் கோழிக்குப் பேன் பிடித்திருந்தது. சாம்பலில் புரண்டால் பேன் போகுமே என்று, அவர் கொளுத்திய இடத்துச் சாம்பலைச் சாக்கில் அள்ளி வந்து கூண்டடியில் கொட்டினேன். அவர் உன்னைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோனதை நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். கோழி அதில் புரண்டது, கொத்தித் தின்றது. நீ இங்கிருந்த ஐந்து மாதமும் தினம் இரண்டு முட்டையை நல்லெண்ணெயில் பிரட்டி, வேண்டாம் வேண்டாம் என்ற உன் வாயில் நான்தான் ஊட்டினேன்.

உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். கையில் இருந்த வயர்ச் சுருளைக் கீழே வைத்தார். பிறகு, “இனிமே ஒரு முழ வயரக்கூட கொளுத்த மாட்டேன்னு அவளுக்கு எழுதிப் போடு” என்றார். இப்போது கத்தி வைத்து உரிக்கிறார், இரண்டு விரலில் பிளாஸ்திரி. சாம்பலையும் அடி மண்ணையும் மூட்டை கட்டி நனையாமல் வைத்திருக்கிறேன், என்ன செய்வதென்று நீ சொல். கோழிகள் இன்னும் முட்டை இடுகின்றன, யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

எல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். கொழுப்பில் போய் உட்கார்ந்தால் வருடக்கணக்கில் போகாது என்றாய். தாய்ப்பாலில் இறங்கும், ஆனாலும் பாலை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால்தான் பிள்ளைக்கு நஷ்டம் என்றாய். ஊருக்கே அறிவிக்கிற மாதிரி எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

நீ சும்மா இருக்கிறவள் இல்லை. உன் பாலை ஒரு சங்கு எடுத்து அந்த மிஷினில் வைத்துப் பார்த்திருப்பாய். அக்கா தாங்க மாட்டாள் என்று மறைக்காதே. பிள்ளைக்கு எட்டு மாதம் நடக்கிறது, தவழ்கிறாளா, பல் முளைத்ததா என்றெல்லாம் கேட்க ஆசைதான், ஆனால் இது தெரியாமல் அதைக் கேட்க நாக்கு எழவில்லை.

குலசாமி உங்கள் இரண்டு பேரையும் கைவிடாது. உங்கள் கணக்கு எனக்குப் புரியாது. உப்பம்பாரத்தை வைத்தே எழுது விஜி, எத்தனை கல் என்று.

உனக்கு ஊட்டிய கையால்,
அக்கா அமுதவள்ளி