ராஜா தூரத்திலிருந்து ஆளும் தீவு

அண்ணே,

இன்று காலை கெப்பாலா பத்தாஸில், மகள் வீட்டு வாழைகளுக்குப் போட மருமகன் ஓர் உர மூட்டையைப் பிரித்தார். அந்தக் காய்ந்த மண் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வரவில்லை, நீங்கள் வந்தீர்கள். மூட்டையைப் பார்க்காமலே, இது கிறிஸ்துமஸ் தீவு மண் என்று சொன்னேன். மருமகன் மூட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு அசந்து நின்றார். இந்த மூக்குக்கு அரசாங்கம் ஒரு பதவி கொடுத்திருக்க வேண்டும். சரி, நாட்டுக்குத்தான் நஷ்டம்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பைக்கூட நான் முழுசாக முடிக்கவில்லை. இருந்தாலும் உலக நாடுகள் விஷயத்தில் லிட்டில் இந்தியாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் படித்த கல்லூரி குயின் தெரு முனையிலிருந்த நம் ரிக்‌ஷா ஸ்டேண்டு. பெரிய கப்பல் வந்து ஆட்கள் இறங்கினால், மற்றவர்கள் எங்கே போக வேண்டும் என்று கேட்பார்கள். நீங்கள் ஆளை முன்னால் ஏற்றிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து மிதித்தபடியே மூன்று கேள்வி கேட்பீர்கள். உங்கள் ஊரை யார் ஆளுகிறார்? எதை விற்றுப் பிழைக்கிறீர்கள்? பக்கத்து ஊர் எது? திரும்பி வந்ததும் ஒரு புது நாட்டை எங்கள் முன்னால் இறக்கி வைப்பீர்கள்.

“இந்த மூணும் தெரிஞ்சா போதும் தம்பி, அந்த ஊருல சம்பந்தமே பண்ணலாம்” என்பீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஐஸ்லாந்து மீன் விற்றுப் பிழைக்கிறது என்று நீங்கள் சொன்னால், அங்கே மீன்கள் குளிர் தாங்காமல் தாமாகவே படகில் ஏறிக்கொள்ளும் என்று நான் சேர்ப்பேன். நீங்கள் எலும்பைக் கொண்டுவருவீர்கள், நான் சதை வைப்பேன். அப்படி வைத்து வைத்துத்தான் ஒருநாள், இளம் வயதில் நான் கிறிஸ்துமஸ் தீவுச் சுரங்கத்தில் இரண்டு வருஷம் வேலை செய்தேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தீவை ஒரு ராஜா ஆளுகிறார், மண்ணைத் தோண்டி உரத்துக்கு விற்கிறார்கள், கரையில் நின்றால் ஆஸ்திரேலியா தெரியும், மழை தொடங்கினால் சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து லட்சக்கணக்கில் கடலுக்கு நடந்து சாலையையே மறித்துவிடும் என்றெல்லாம் அடுக்கினேன்.

நம் ஸ்டேண்டு முனியாண்டி, ராஜாவைக்கூட விட்டுவிட்டான். நண்டைத்தான் பிடித்துக்கொண்டான். “நண்டுக்கு ரோட்ட அடைக்கிறாங்களாம்லா. போலீஸ்கார் முன்னாடி போகுமா அண்ணே?” என்று ஒரு வாரம் சிரித்தான். கடைசியில் எல்லார் முன்னாலும் ஒரு பந்தயம் போட்டான். அந்தத் தீவு ஆள் யாராவது இங்கே வந்து இது பொய் என்று சொன்னால், அதற்குப் பிறகு நான் ஸ்டேண்டில் எந்த நாட்டைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. நானும் சரி என்றேன். அவ்வளவு சின்னத் தீவிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

வந்தாள். அதுவும் உங்கள் ரிக்‌ஷாவில். நீங்கள் அந்த வெள்ளைக்கார அம்மாவை ஸ்டேண்டில் இறக்கி, எந்த ஊர் என்று சொன்னதும் முனியாண்டி ஓடி வந்துவிட்டான். பேச்சில்லாமல் ரிக்‌ஷா மிதிப்பதைவிட மாக் மண்டினில் ஏதாவது தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்காரலாம் என்று அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்தேன்.

அவள் இங்கிலீஷ் படு வேகம். எங்களில் உங்களுக்கு மட்டும்தான் அது பிடிபட்டது. யார் ஆளுகிறார் என்று கேட்டீர்கள். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். நீங்கள் எங்களைப் பார்த்து, “ராஜாதானாம். கொஞ்சம் தூரத்துல இருந்து ஆளுறாராம்” என்றீர்கள். என்ன விற்கிறார்கள் என்றதற்கு, மண் என்றீர்கள். நண்டைப் பற்றிக் கேட்டதும் அவளே கைப்பேசியை நீட்டினாள். சாலை முழுக்கச் சிவப்பு. முனியாண்டியின் வாய் மூட மறந்துவிட்டது. நான் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அந்த மண்ணும் நண்டும்தான், அண்ணே.

அவன் விடவில்லை. என்னைக் கையால் காட்டி, இவர் அங்கே வேலை செய்தது அங்குள்ளவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னான். நீங்கள் கேட்டீர்கள். அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். முனியாண்டி என் பக்கம் திரும்பினான்.

“அந்தத் தீவுல தலைய இப்படி ஆட்டினா, ஆமான்னு அர்த்தம்” என்றீர்கள். முகத்தில் ஒரு சிரிப்புக் கோடுகூட இல்லை.

அன்று சாயங்காலம் மார்க்கெட் தெருவில் நாம் இருவரும் தே தாரேக் டீ குடித்தோம். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஆட்சி அது, ஊர்க் காரியத்துக்கு ஒரு சபை உண்டு, ஆனால் அவர்கள் ஓட்டுப் போடும் எம்.பி. கடல் தாண்டி எங்கோ இருக்கிறார் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இங்கிலீஷ்காரர்களின் ராஜாதான் ஆஸ்திரேலியாவுக்கும் ராஜா, ஆகவே முதல் பதில் பொய் இல்லை என்றும் கணக்குத் தீர்த்தீர்கள். கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான், “தம்பி, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது ஜாவா. அடுத்த தடவ சரியாச் சொல்லு” என்றீர்கள்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் நாலு மாதம் அந்த உரத்தை மூட்டை மூட்டையாக இறக்கியதுதான் என் தீவு வாழ்க்கை, நண்டுக் கதை கப்பல்காரன் ஒருவன் சொன்னது என்று அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நன்றியாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு வடை கேட்டேன்.

போன வருஷம் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் வீட்டில் கூடியிருந்தவர்கள் முன்னால் என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார் அண்ணி. நான் எழுந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒன்றும் சேர்க்காமல் பேசினேன். நான் அந்தத் தீவை மிதித்ததே இல்லை, என் பேச்சு நிலைக்க வேண்டும் என்று அண்ணன் எனக்காகப் பொய் சொன்னார் என்றேன்.

முனியாண்டிதான் முதலில் எழுந்தான். கண் சிவந்திருந்தது.

“துக்கத்துல ஒளறாதீங்கண்ணே. அண்ணன் வாயில பொய் வராது. நீங்க அங்க ரெண்டு வருஷம் இருந்தீங்க. அவரு கேட்டுச் சொன்னாரு, நான் பக்கத்துல நின்னேன்.”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். அண்ணியும் என் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார். நான் மறுபடி மறுத்தேன். ஒருவரும் விடவில்லை. உட்கார்ந்துவிட்டேன் அண்ணே. நான் வாழாத அந்த இரண்டு வருஷமும் இப்போது என்னுடையவை. யார் கேட்டாலும் சொல்கிறேன். பக்கத்தில் ஜாவா என்றே சொல்கிறேன்.