ஐந்து சோழியும் கவிழ்ந்த அன்று

நேற்று மதியம் உன்னை ஒரு பனியாற்றில் சாகவிட்டேன். பதறாதே, கம்ப்யூட்டரில்தான்.

முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாக வீட்டோடு கிடக்கிறேன். "சீரியல் பாத்துப் பாத்து உனக்குக் கோவம்தாம்மா ஏறுது" என்று என் மகள் லேப்டாப்பில் ஒரு விளையாட்டைத் திறந்து மடியில் வைத்தாள். மந்திரமும் பூதமும் கோட்டைகளுமாக ஒரு நாடு. நாம் அதில் ஒரு ஆளாகி ஊர் ஊராகப் போக வேண்டும். கூட வரும் துணைக்காரிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. யோசிக்கவே இல்லை, விரல் உன் பெயரை அடித்துவிட்டது.

விளையாட்டை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, புகழவும் வாய் வரவில்லை. காடு அத்தனை அழகு. மழை பெய்தால் நம் ஆளின் தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டுகிறது. ஒரு மலை உச்சியில் நிற்கவைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கடைக்காரனிடம் பத்து முறை போனாலும் அதே வாக்கியத்தைச் சொல்கிறான். ராஜாவைக் காப்பாற்றப் போகிறவளை ஒரு கிழவர் நிறுத்தி, காணாமல் போன ஆட்டைத் தேடித் தா என்கிறார். மூட்டையில் ஒரு வாழைப்பழம் கூடினால் போதும், பாரம் தாங்காமல் நம் மகராசி நகர மாட்டாள். பூதத்தை எதிரே நிறுத்திவிட்டு மூன்று வழி காட்டுகிறது: அடி, ஓடு, பேசு. நான்காவதாக ஒன்று எனக்குத் தோன்றினால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

நீ கேட்பாய். "இன்னா பண்ற, சொல்லு" என்பாய். அவ்வளவுதான். நான் பூதத்துக்கு முறுக்கு கொடுக்கிறேன் என்றாலும் சிரிக்காமல் யோசித்து, "அதுக்குப் பல்லு இல்லடி, வேற சொல்லு" என்பாய்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் படிப்பதற்காக எங்கள் குடும்பம் முசரவாக்கம் கிராமத்திலிருந்து வந்து, பட்டு நெசவுத் தெருவில் உங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தது. பள்ளி இறுதி வகுப்போடு உன்னை நிறுத்திவிட்டார்கள், நீ ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாய். உன் அப்பா சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டம் போட்ட தாளில் வீணானதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்வாய். அதில் நீ வரைந்ததுதான் நம் நாடு. கட்டத்துக்கு ஒரு நாள் நடை. நீலம் ஆறு, பச்சை காடு, அரக்கு கோட்டை. மொத்தம் ஏழு கோட்டை. காணும் பொங்கலுக்குத் திருமுக்கூடல் போய் வந்த மறுநாள், மூன்று ஆறும் சேரும் இடத்தை ஏழாம் கோட்டைக்கு முன்னால் வரைந்து வைத்தாய். இப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இருந்திருக்குமோ என்னவோ, நமக்கு யார் சொன்னார்கள்?

உன் கை ராட்டையை விடாது, வாய் கதையை விடாது. ஆபத்து வந்தால் நான் ஐந்து சோழியை உருட்ட வேண்டும். எத்தனை நிமிர்ந்ததோ அத்தனை நல்லது. ஐந்தும் கவிழ்ந்தால் ஆள் காலி. ஆள் நின்ற கட்டத்தில் கறுப்பு மை வைத்துவிட வேண்டும், அந்த ஆளை வைத்து மறுபடியும் ஆடக் கூடாது. "செத்தா செத்ததுதாண்டி. திரும்பி வந்துக்கினே இருந்தா அப்புறம் இன்னா பயம்?" என்பது நீ போட்ட சட்டம்.

நான் பெரிய கத்தி வைத்த படைத்தலைவி. "அத்தினி பெரிய கத்திய தூக்கிக்கினு எப்பிடிடி நடப்ப?" என்று கேலி செய்வாய். ஐந்தாம் கோட்டை வௌவால் குகையில் அவளுக்கு ஐந்தும் கவிழ்ந்தது. எட்டு மாதம் ஆடி வளர்த்தவள். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா உள்ளிருந்து கூப்பிட்டார்கள். "தோ வரேம்மா" என்று நீ தலையைத் திருப்பினாய். உன் சுண்டுவிரல் மட்டும் திரும்பாமல் ஒரு சோழியைத் தட்டியது.

"நாலுதாண்டி கவிழ்ந்துது. பொழச்சிக்கினே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

நான் பார்த்தேன். பார்த்ததை உன்னிடம் சொல்லவே இல்லை.

எனக்குச் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்த அதே மாதம், உனக்குக் கல்யாணம் முடிவான செய்தியைக் குழாயடியில் யாரோ சொல்லித்தான் கேட்டேன். நிச்சயம் ஆகிப் பத்து நாள் ஆகியிருந்தது. தினமும் எதிரில் உட்கார்ந்து கதை சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "உங்கிட்ட சொல்லிட்டா நெசமாயிடும்டி" என்றாய். இப்போது அந்த வார்த்தை நெஞ்சை அறுக்கிறது. அன்று எனக்கு அது ஒரு சாக்காகத்தான் பட்டது.

"ஒரே ஒரு வாட்டி நீ கதை சொல்லு, நான் போறேன்" என்று கேட்டாய். அதுவரை நீ ஆடியதே இல்லை, ஆட்டிவைத்தவள். கத்தி எதுவும் வேண்டாம், ஒரு படகு போதும் என்றாய். மூன்று ஆறு சேரும் இடத்தைத் தாண்டி ஏழாம் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்றாய். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே கதை சொன்னேன். வெள்ளம் என்றேன். ராட்டையை நிறுத்திவிட்டு நீ சோழியை உருட்டினாய்.

ஐந்தும் கவிழ்ந்தது.

என் கையைப் பார்த்தாய். என் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில்தான் ஒரு சோழி கிடந்தது. "செத்தா செத்ததுதான், நீ சொன்னதுதானே" என்று மைக்கூட்டை எடுத்து அந்தக் கட்டத்தில் நானே கறுப்பு வைத்தேன். சட்டத்துக்காக வைக்கவில்லை, கோபத்தில் வைத்தேன். நீ சிரித்தாய். "சரிதாண்டி" என்று தாளை மடித்து, சோழியோடு ஒரு டப்பாவில் போட்டு என்னிடமே கொடுத்தாய். "பட்டணத்துல யார்னா கெடைச்சா ஆடு."

கல்யாணத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன், சரியாகப் பேசாமல் ரயிலேறிவிட்டேன். லீவில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூலையில் கறுப்பு தடவிய கார்டு ஹாஸ்டலுக்கு வந்தது. உனக்கு மஞ்சள் காமாலை, எல்லாம் முடிந்து நான்கு நாள். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு என் கைதான் ஞாபகம் வந்தது. விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று?

நேற்று பனிப்பாலத்தில் உன் பெயர்க்காரி வழுக்கி விழுந்தாள். திரை இருண்டது. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "லோட் பண்ணும்மா, எழுந்துடுவா" என்றாள் மகள். ஒரு பட்டன். எழுந்துவிட்டாய். பாலத்துக்கு முன்னால் நின்று, எதுவுமே நடக்காத மாதிரி, அடுத்து எங்கே என்று அதே குரலில் கேட்டாய். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

மகள் சமையலறைக்குப் போனதும் டப்பாவை எடுத்தேன். தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது, கறுப்புக் கட்டம் அப்படியே இருக்கிறது. சோழி ஐந்தும் பத்திரம். ஐந்தையும் கவிழ்த்து வைத்தேன். வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, சுண்டுவிரலால் ஒன்றைத் தட்டினேன். முதல் தடவை புரளவில்லை. இரண்டாவது தடவை நிமிர்ந்தது.

"நாலுதாண்டி கவிழ்ந்துது" என்று வாய்விட்டே சொன்னேன்.

"இன்னாம்மா, கூப்ட்டியா?" என்று உள்ளிருந்து மகள்தான் கேட்டாள்.