ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாமாம்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பனியன் கம்பெனி கேன்டீன் மாடியில் நாம் இருவரும் இங்கிலீஷ் வகுப்பு நடத்திய அறையில் உங்கள் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழே நின்று பொய் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்கள் அக்கா. வயிறு எரிகிறது.

'மஸ்ட்', 'கேனாட்' நடத்த நீங்கள் என்ன கூத்தெல்லாம் அடித்தீர்கள்! தைக்கிற பெண்களில் ஒருத்தியை சூப்பர்வைசராக்கி, "யூ மஸ்ட் ஸ்டே" என்று அதட்டச் சொல்வீர்கள். மற்றவர்கள் "ஐ கேனாட் ஸ்டே" என்று கத்துவார்கள். கீழே டீ குடிப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

போன வாரம் ஹெச்.ஆர். வந்தார். "டீச்சர், ஃபாரின் பையர் ஆடிட் வருதுங்க, ஆளுகள எப்படி வெச்சிருக்கோம்னு பொண்ணுககிட்டயே கேப்பாங்க. மத்த பாடமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. 'ஐ கேன் கோ ஹோம் அட் சிக்ஸ்', 'ஐ கேன் ரெஃப்யூஸ் ஓவர்டைம்', இது ரெண்டும் தடங்கலில்லாம வந்தாப் போதுங்க." என்ன மரியாதை பாருங்கள்! ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் அந்தக் கேட் என்றைக்காவது திறந்திருக்கிறதா?

நடத்தினேன். ஓவர்லாக் மிஷினில் இருப்பாளே முத்துமாரி, உங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண், அவள் எழுந்து, "டீச்சர், இத சூப்பர்வைசர்ட்டயும் சொல்லலாமா?" என்று கேட்டாள். "சொல்லலாம் கண்ணு, அது உன்ற உரிமைதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் ஆறு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து சொல்லியிருக்கிறாள். இங்கிலீஷில், தப்பில்லாமல். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஹெச்.ஆரிடம் போய்க் கத்தினேன். "அது ஆடிட்டுக்குச் சொல்றதுங்க டீச்சர். அதுகூடவா அந்தப் புள்ளைக்குத் தெரியாதுங்க?" என்று சிரிக்கிறார். சிரிக்கிறார் அக்கா!

உங்கள் மேலும் கோபம்தான். காய்ச்சலோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தீர்களே, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா? நீங்கள் இருந்தால் அந்த ஆள் இப்படிச் சிரித்திருப்பாரா?

நாளைக்கு ஆடிட். வருகிறவருக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். முத்துமாரியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுதான் போவேன். அவள் சொல்வதை ஒரு வார்த்தை குறையாமல் அவரிடம் சொல்வேன், இது சத்தியம். என் வேலையும் போகும், போகட்டும். கேட்டில் மறித்தால், அவர் கார் வரும்வரை மங்கலம் ரோட்டிலேயே இருவரும் நிற்போம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
மல்லிகா