உட்காரத் தெரியாத உங்களுக்கு

அப்பா,

ஒரு கல்யாணத்துக்காக அடி அண்ணாமலையில் புது லாட்ஜ் ஒன்றில் தங்கினேன். குளியலறையில் கழிப்பறை இருக்கையின் இரு பக்கமும் எஃகுக் கைப்பிடிகள். குழாயடியில் இன்னொன்று. கிரிவலம் வரும் வயதானவர்களுக்காக வைத்ததாம். பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஒரு நாள் தங்கிப் போகிறவருக்குக் கிடைக்கிறது. வாலிபத்தைப் பனிமலைக் காவலில் கழித்துவிட்டு வந்த உங்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் வேங்கிக்கால் வீட்டுக் குளியலறையில் தரை வழுக்கும், படி உயரம். முழங்கால் மடங்காத நீங்கள் துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவீர்கள். நான் கொத்தனாரை அழைத்து வந்தபோது டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள். முன்னாள் ராணுவத்தினர் வீடுகளில் கைப்பிடி பொருத்தித் தருவதாக அப்போது அறிவித்திருந்தார்கள். "சர்க்கார் தரேன்னு சொல்லியிருக்குது. நீ ஏம்மா செய்யணும்?" என்றீர்கள். நான் அதை நம்பவில்லை. படியேற முடியாதவர்களிடம் மனு வாங்கும் அறையை மாடியில் வைத்திருந்தவர்களை எப்படி நம்புவது? நீங்கள் நம்பினீர்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, ஏறிப் போய்க் கொடுத்தீர்கள்.

வீட்டைப் பார்வையிட ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் முகம் மழித்தீர்கள். மடிப்புக் கலையாத சட்டை, அதில் பதக்கங்கள். கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வாசலில் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தீர்கள். படுத்திருங்கள் என்று நான் கெஞ்சியதற்கு, "ஆபீசர் வர்றப்போ படுத்துக்கினு இருக்கச் சொல்றியா?" என்று முறைத்தீர்கள்.

அவருக்கு உங்கள் வயதில் பாதிகூட இராது. "பெரியவர் என்னவிட ஸ்டெடியா நிக்கறாரே, இவருக்கு எதுக்குங்க கைப்பிடி?" என்று சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். குளியலறையை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். தேவையில்லை என்று முடிவாயிற்று.

அந்த மழைக்காலத்தில் கொடி அறுந்து விழுந்தீர்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. பிறகு எழவேயில்லை. சாவுக்கு வந்தவர்கள் கடைசிவரை கம்பீரமாக இருந்தார் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் போனவர்மேல் கோபம். அவருக்கு சல்யூட் வைத்த உங்கள்மேலும் கோபம், அப்பா.

உங்களோடு ஒரே படைப்பிரிவில் இருந்த கீழ்பென்னாத்தூர் மாமாவும் இப்போது மனு போட்டிருக்கிறார். அவர் வீட்டில் கழிப்பறை பின்புறம், சேற்றைத் தாண்டிப் போக வேண்டும். போன வாரம் பார்வையிட வந்தபோது முன்கூட்டியே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவரும் பதக்கம் குத்தியிருந்தார். ஜீப் சத்தம் கேட்டதுமே நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தார். தோளில் கைவைத்து அழுத்தினேன்.

"உட்காருங்க மாமா."

"ஆபீசரும்மா..."

"அவரு வீட்டப் பாக்க வராரு. உங்கள இல்ல."

வந்தவரிடம் பின்வாசலைக் காட்டினேன். முதலில் நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றேன். சேற்றில் கால் வைத்ததும் சுவரைப் பற்றிக்கொண்டார். "எதப் புடிச்சிக்கினு போனீங்கன்னு எழுதிக்குங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கைப்பிடி இன்னும் வரவில்லை. வரும்வரை மனு வாங்கும் அந்த மாடிப்படியை நான் ஏறி இறங்குவேன். ஆபீசர் இருந்த நேரமெல்லாம் மாமாவின் தோள் என் கைக்குக் கீழே எழுந்து நிற்கத் திமிறிக்கொண்டே இருந்தது. அந்தத் திமிறல் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது, அப்பா.