இரைச்சலுக்குள் ஒரு தறி

மியூனிக்,
நவம்பர் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

வியாழக்கிழமை போனில், "உனக்கு அங்க என்னதான் வேலை அம்மணி?" என்று கேட்டீர்கள். நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கி வானத்தை எக்ஸ்ரேயில் படம் எடுக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் பனிமூட்டம் போல மங்கலாக ஓர் ஒளி தெரியும். வெகுகாலம் அதை வெறும் மூட்டம் என்றே நினைத்திருந்தார்கள். ஒரே இடத்தை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால் அது புள்ளி புள்ளியாகப் பிரிகிறது. அநேகமாக ஒவ்வொரு புள்ளியும் வெகுதொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலம். அப்படிப் பிரித்து எடுப்பதுதான் என் ஆராய்ச்சிப் படிப்பில் வேலை.

சோமனூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நம் தறிக்குடோன் ஒரே இரைச்சல். நான் அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். அம்மா ஓட்டும் மூலைத்தறி மட்டும் நாலு தட்டுக்கு ஒருமுறை லேசாக நொண்டும்; அத்தனை இரைச்சலிலும் அது எனக்குத் தனியாகக் கேட்கும்.

வியாழக்கிழமை போனில் எடுத்ததும் நான் "அம்மா எங்கப்பா?" என்றதற்கு, "தறி ஓட்டீட்டிருக்குது கண்ணு, சத்தம் கேக்கலையா?" என்றீர்கள்.

மற்ற தறிகள் எல்லாம் கேட்டன அப்பா.

போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள். என் படிப்பு முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு முறையும் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நீங்களும் போனில் எதுவும் சொல்ல வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று. இதைப் படித்துவிட்டு வேறு ஆளை வைத்து அந்த மூலைத்தறியை ஓட்டிவிடாதீர்கள். நான் வந்து சேரும்வரை அது நின்றே இருக்கட்டும்.

உங்கள்
அம்மணி