வெறிச்சோடிய சாலையை நம்பாதவருக்கு

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவில் சாலைக்குக் கோடு போட்டார்கள். வெள்ளைப் பொடியைக் கொப்பரையில் உருக்கி, தள்ளுவண்டியில் ஊற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காந்தல் வாடை மாடியேறி அடுக்களைக்குள் வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. தூத்துக்குடியில் இருக்கிற நினைப்பே போய், வளைகுடாவின் அந்த நகரத்தில், சிவப்புச் சாயம் இன்னும் காயாத பேருந்துத் தடத்தின் ஓரத்தில், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் உங்களைப் பார்த்தேன்.

"பெயின்ற் அடிச்சா றோட்டு சொல்வழி கேக்குமோ?" என்று கேட்டீர்கள் அன்று. யாரைப் பார்த்துக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. சாயம் பூசியவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

நகரெங்கும் கிரேன்கள் நின்ற காலம் அது. மெட்ரோ ரயிலைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. பேருந்தைப் பற்றிப் பேச ஆளே கிடையாது. ஆகவேதான் அந்த வேலை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். தொழிற்பேட்டையின் தொழிலாளர் கேம்ப்புகளிலிருந்து நகர மையம் வரை பேருந்துக்கென்று தனித்தடம். சிக்னலில் அதற்கு முதல் வழி. அரசின் போக்குவரத்துத் துறையில் அந்தத் திட்டத்துக்குத் தலைமை நான். சிக்னல்கள் உங்கள் கையில்.

முதல் நாள் உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தேன். சுவர் முழுக்கத் திரைகள், திரை முழுக்கச் சாலைச் சந்திப்புகள். கதவைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தீர்கள். தமிழ் கேட்டதும் முகம் மலரும் என்று நினைத்து வந்தவளிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "உம்மை ஆர் இதுக்குப் போட்டது?"

"இண்டர்வியூல தேறி வந்தேன்க்கா."

"அது சரி. ஆர் போட்டது எண்டு கேட்டனான். 'ஓம்' சொல்லுற ஆளா, 'இல்லை' சொல்லுற ஆளா எண்டு பாத்துத்தானே போட்டிருப்பினம்."

அன்று முழுவதும் எனக்கு எரிச்சல். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. துறை இயக்குநர் என் வரைபடங்களைப் புரட்டாமலே தலையாட்டும்போதெல்லாம் அது எழுந்து நின்றது.

யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே படித்து வளர்ந்தவர் நீங்கள். பிறர் ஊற்றிய தேநீரைக் குடிக்கமாட்டீர்கள். பிளாஸ்கில் சொந்தத் தேநீர். ஆலோசனை நிறுவனத்தார் திரையில் படம் காட்டினால், படத்தைப் பார்க்காமல் காட்டுகிறவரின் கண்ணைப் பார்ப்பீர்கள். தடத்தைச் சிவப்புச் சாயத்தால் குறித்தால் போதும் என்றார்கள் அவர்கள். சீக்கிரம் முடியும், அழகாகவும் இருக்கும். கார் ஏற முடியாதபடி உயரமான கல் விளிம்பு கட்டாமல் இந்தத் தடம் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றீர்கள் நீங்கள். நான் நடுவில் நின்றேன். கல் கட்டினால் திறப்பு விழா தள்ளிப்போகும். விழாத் தேதி மேலிடத்தில் முடிவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சோதனை ஓட்டம் வந்தது. காலை நேரம். புதுப் பேருந்தில் இயக்குநர், ஆலோசனை நிறுவனத்தின் தலைவர், மேலிடத்து விருந்தினர்கள். பேரீச்சம்பழத் தட்டு கையிலிருந்து கைக்குப் போனது. தொழிற்பேட்டையில் புறப்பட்ட வண்டி, அலையில்லாத கடலில் தோணி போவது போலப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த வேலைக்கு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றுதான்.

நீங்கள் கடைசி இருக்கையில் பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தீர்கள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"றோட்டு ஏன் இப்பிடி வெறிச்சோடிக் கிடக்கு?" என்றீர்கள்.

"நம்ம தடம் வேலை செய்யுதுக்கா. வேறென்ன?"

"மற்றத் தடங்களும் வெறுமையாக் கிடக்கே. சிக்னலை ஒருத்தரும் தொடேல்ல, அது என்ர கையில. பிறகென்ன?" சற்று நேரம் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "எங்கட ஊரில காலமை றோட்டு காலியாக் கிடந்தா நாங்கள் வெளிக்கிட மாட்டம். முன்னுக்கு என்னவோ நடக்கப்போகுது எண்டு அர்த்தம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தோஷத்தில் மண் போடுகிறாரே என்று.

அதே வாரம் என் குழுவில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடம், அந்த சிலோன் அம்மா மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க. ஜெபல் அலியில விளிம்புக்கல் வார்க்கிற கம்பெனி ஒண்ணு இருக்குதுங்க. அந்த ஆளோட கார்ல இருந்து இவங்க இறங்கினதை நானே பார்த்தேன். கல்லு கல்லுன்னு நிக்கிறாங்கன்னா சும்மாவா?"

அவர் போன பிறகு அவரைப் பற்றியும் யோசித்தேன். என்னிடம் ஏன் சொன்னார், ஏன் இப்போது சொன்னார். அந்த அலுவலகத்தில் ஒரு சந்தேகத்தைக் கையில் எடுத்தால் அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரும். இருந்தாலும் அவர் சொன்னதை ஒதுக்கிவிட முடியவில்லை. உங்கள் பிடிவாதத்துக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருந்தது.

மறுநாள் நேராக உங்களிடமே வந்து கேட்டேன். மறுப்பீர்கள் என்றோ, சீறுவீர்கள் என்றோ எதிர்பார்த்தேன். நீங்கள் பிளாஸ்கை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஓம். அவர் என்ர மனிசன்ர ஒண்டுவிட்ட தம்பி. கார் இல்லாத நாளில என்னைக் கொண்டுவந்து விடுறவர்."

"இத நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்லாக்கா?"

"சொல்லியிருக்க வேணும்," என்றீர்கள். "இப்ப நான் சொல்லுற ஒண்டையும் நம்பாதேயும். நாளைக்குக் காலமை கேம்ப் வாசலில பஸ் ஏறும். ஒருத்தருக்கும் சொல்லாதேயும். நானும் வாறன், ஆனா வாய் திறக்க மாட்டன்."

விடியற்காலையில் கேம்ப் வாசலில் நின்றோம். சாப்பாட்டுத் தூக்கும் தலையில் துண்டுமாக வரிசை நின்றது. முன்னால் பெண்களுக்கான இருக்கை காலியாகவே இருந்தது. அந்தத் தடத்தில் ஏறிய பெண்கள் நாம் இரண்டு பேர்தான். ஓட்டுநர் ரஹீம் பாய், பெஷாவர்க்காரர், நம்மைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

முதல் சந்திப்பைத் தாண்டுவதற்குள் சிவப்புத் தடம் காணாமல் போனது. அதன்மேல் பிக்-அப் வண்டிகள், டாக்ஸிகள், ஆளில்லாமல் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்ற ஒரு லாரி. பின்னாலிருந்து ஒரு பெரிய கார் நம் பேருந்தையே விலகச் சொல்லி ஹாரன் அடித்தது. ரஹீம் பாய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மேடம்ஜி, யே ரோஸ் கா ஹை" என்றார். தினமும் இப்படித்தான். நின்றுகொண்டே தூங்கிய ஒருவர் சாய்ந்து என் தோளில் முட்டி, விழித்து, பதறி மன்னிப்புக் கேட்டார்.

தமிழ் கேட்டதும் பக்கத்தில் நின்றவர் பேச ஆரம்பித்தார். இராமநாதபுரம் பக்கம். நான்தான் கேட்டேன்: "போன வாரம் புது பஸ் ஓடுச்சே, அன்னைக்கு ரோடு எப்படிண்ணே இருந்துச்சு?"

"எங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? அன்னைக்குத்தான் கேம்ப் கேட்டைப் பூட்டிட்டாங்களே. யாரோ பெரிய ஆளுங்க வர்றாங்களாம், அவங்க போற வரைக்கும் ஒரு வண்டியும் வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க. எல்லா கேம்ப்லயும் இதே கதைதான். காலைல இந்த ரோட்டுல பாதிக்கு மேல கேம்ப் வண்டிங்கதானே. பெறவு வெயில் ஏறினப்புறம் விட்டாங்க. விட்டுப்போன டூட்டியை சாயந்திரம் நின்னு முடிச்சோம்."

யாருக்காக அந்தப் பேருந்தை வரைந்தேனோ அவர்களை அடைத்துவைத்துத்தான் அந்த வண்டி அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது. நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். சொன்னபடியே நீங்கள் வாய் திறக்கவில்லை. "பாத்தீரோ" என்கிற பார்வைகூட இல்லை. உங்களுக்கும் அது புதுச் செய்திதான் என்பது முகத்தில் தெரிந்தது.

யார் சொல்லி வாசலைப் பூட்டினார்கள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. இயக்குநரின் அலுவலகம் ஆலோசனை நிறுவனத்தைக் காட்டியது. அவர்கள் கேம்ப் நிர்வாகத்தைக் காட்டினார்கள். கேம்ப்காரர்கள் தொலைபேசி வந்தது என்றார்கள். எங்கிருந்து என்று தெரியாதாம். கோயம்புத்தூர்க்காரர் என் கண்ணைப் பார்க்காமல், "விடுங்க மேடம், நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். அவரா, அவருக்குத் தெரிந்தவரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்தீர்கள். "முதல் என்ர சொந்தக்காரர் கதையைச் சொல்லுவம். அதுக்குப் பிறகு கேம்ப் கதை. மாறிச் சொன்னா, அவையள் என்ர கதையைக் கொண்டே உம்மட கதையை மூடிப்போடுவினம்."

கூட்டத்தில் நான் வாய் திறக்குமுன் நீங்களே எழுந்துவிட்டீர்கள். கல் வார்க்கும் ஒருவர் உங்களுக்கு உறவு. அதை முன்பே சொல்லாதது உங்கள் பிழை. அவருடைய கல் ஒன்றுகூட இந்தச் சாலையில் விழக்கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கல் வேண்டும். ஆங்கிலத்தில், ஏற்ற இறக்கமில்லாமல், பள்ளிக்கூட வருகைப்பதிவு வாசிப்பதுபோலச் சொல்லி உட்கார்ந்தீர்கள். பிறகு நான் சோதனை ஓட்டம் செல்லாது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். ஆலோசனை நிறுவனத்தின் தலைவர் பேனாவை மூடினார். இயக்குநர் நெடுநேரம் மேசையைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா என்று கண்டுபிடிக்க நானும் உங்களைப்போலக் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மீண்டும் சோதனை நடந்தது, யாருக்கும் சொல்லாமல். வண்டி ஊர்ந்தது. கல் விளிம்புக்கு ஒப்புதல் வந்தது, வேறொரு நிறுவனத்துக்கு. திறப்பு விழா தள்ளிப்போனது. உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டேன். "கலாஸ், அது முடிந்த விஷயம்" என்றார் நிர்வாகப் பிரிவில் இருந்தவர். உறவை மறைத்ததற்காகவா, உண்மையைச் சொன்னதற்காகவா? இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்துவிட்டால் எதற்கென்று சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

நீங்கள் கனடாவுக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் உங்கள் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தீர்கள். முதல் தடவை. "கவனமா இரும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் தேநீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு தடம் திறந்தது. திறப்பு விழாவில் உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. என் பெயரையும் தப்பாகத்தான் சொன்னார்கள். விழா முடிந்து நாலைந்து நாள் கழித்து, காலையில் கேம்ப் வாசலில் ஏறினேன். கல்லுக்கு அந்தப்புறம் கார்கள் முண்டிக்கொண்டு நின்றன. இந்தப்புறம் ரஹீம் பாய் போய்க்கொண்டே இருந்தார். சாய்ந்து தூங்குவதற்குள் இறங்கவேண்டியிருக்கிறது என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். கனடாவுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். உடனே, "போன கிழமையும் அப்பிடியோ, இல்லாட்டி நீர் போன அண்டைக்கு மட்டுமோ?" என்றீர்கள்.

அதே பேச்சில்தான் நான் நெடுநாளாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு நான் வந்து கேட்டிருக்காவிட்டால் உங்கள் உறவுக்காரர் விஷயத்தை நீங்களாகச் சொல்லியிருப்பீர்களா?

"எனக்குத் தெரியாது," என்றீர்கள். "நீர் கேட்டது நல்லது."

வேறு யாராக இருந்தாலும் "கட்டாயம் சொல்லியிருப்பேன்" என்றிருப்பார்கள். நானும் நம்பியிருக்கமாட்டேன். அந்த "தெரியாது"க்குப் பிறகு உங்களைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த சந்தேகம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, அக்கா. ஆனால் அந்தச் சந்தேகத்தோடே உங்கள் பக்கத்தில் உட்கார முடிந்தது. அதைத்தான் நட்பு என்று நான் இப்போது நினைக்கிறேன்.

போன மாதம் உங்கள் மகள் கூப்பிட்டாள். "அம்மா போயிட்டா, அன்ரி. நிம்மதியாப் போனவ. ஒரு கஷ்டமும் படேல்ல." எழுதிவைத்து வாசிப்பதுபோல இருந்தது குரல். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் அதே சொற்களில். எல்லோரும் "அது போதும்மா" என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பக்கத்துல யாரும்மா இருந்தது?"

அவள் குரல் மாறியது. "ஒருத்தரும் இல்லை, அன்ரி. நான் கார் பார்க் பண்ணப் போயிட்டன். இடம் கிடைக்கேல்ல. மேல வரேக்க முடிஞ்சுது." பிறகு, "இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல" என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த வாசலில் இறக்கிவிட்டாய், எத்தனையாவது மாடி, அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை போனை வைக்கவில்லை.