டேப்புக்கு அடியில் பஞ்சு

இன்று காலை ரெசின் டிரம்மைத் திறந்ததும் அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவு. உன்மேல் கோபம்கூட வந்தது. அன்றைக்கு நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அருள்புரத்தில் நாம் இருவரும் கூட்டாக எடுத்த ஷெட் இது. சாயப்பட்டறைகளின் பெரிய விசிறிகளுக்கு ஃபைபர் இறக்கை செய்தோம். கண்ணாடி இழைத் துணியை அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஓரத்தைப் பசை டேப்பால் அடைப்பாய். பம்ப் காற்றை உறிஞ்ச, பசைபோன்ற ரெசின் உள்ளே பாய்ந்து இறுகும். துளிக் காற்று கசிந்தாலும் குமிழ் விழும். குமிழ் விழுந்த இறக்கை சீக்கிரமே விரிசல் விடும். அதனால் பம்பை நிறுத்திவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் ரெசின் விடுவாய். பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கேலி செய்வேன்.

பிறகு ஷெட்டின் முன்பாதியை என் மச்சானின் பனியன் தையலுக்குக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. அதற்கப்புறம் முள் ஒரு நாளும் நிற்கவில்லை. டேப்பை உரித்து உரித்து ஒட்டினாய். "காத்து எங்கியோ வருது மாப்ள, ரெண்டு நாள் குடு" என்றாய். நான் கொடுக்கவில்லை, ரெசினை விடச் சொன்னேன். இறக்கைகள் அத்தனையும் திரும்பி வந்தன. வாங்கியவர் குமிழ்களைத் தடவிக் காட்டியபோது உன் எதிரிலேயே, "டேப் ஒட்டுனது இவன்தானுங்க, இவன் கைவேல சரியில்லீங்க" என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான், அப்புறம் ஷெட்டுக்கு வரவே இல்லை.

மச்சான் வேறு இடம் மாறிய வாரமே முள் அசையாமல் நின்றது. நீ உரித்துப் போட்டிருந்த பழைய டேப்பை எடுத்துப் பார்த்தேன். அடியில் மெல்லிசாகப் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது; காற்று அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது. அன்றே உனக்கு போன் செய்திருக்க வேண்டும். எந்த முகத்தோடு பேசுவது என்று தள்ளிப்போட்டேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

குன்னத்தூரில் உன் எழவுக்கு வந்தேன். "அதுக்கப்புறம் அவரு அச்சையே தொடலீங்க. எங் கை வெளங்காதுன்னு வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டாருங்க" என்றாள் உன் மனைவி. பிறகு, "நெசமாலுமே அவரு வேல சரியில்லீங்களாங்ணா?" என்று கேட்டாள்.

சுற்றிலும் ஆட்கள். என் மச்சானும் பக்கத்தில் இருந்தான். "உடு அம்மிணி, போனவனப் பத்தி இப்ப எதுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்தேதான் தினமும் இந்த ஷெட்டைத் திறக்கிறேன்.